கீழ்த்தெருக்காரர்

மல்வேர்னில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவருக்கு ஊர்ப்பைத்தியம். இதில் என்ன புதினம் என்று நீங்கள் கேட்கலாம். தொண்ணூறுகளில் கனடாவில், ஸ்காபரோவில் இருந்த எங்கள் ஆட்களில் யாருக்குத்தான் அது இல்லை? ஒருவர் தன் ஊர் மாம்பழத்தைப் பற்றித் தொடங்கினால், மற்றவர் தன் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்லி முடிக்காமல் வீட்டுக்குப் போகமாட்டார். ஆனால் இவருடைய ஊரில் மாமரமும் இல்லை, கிணறும் இல்லை. அது வேல்ஸ் நாட்டில், இரண்டு மலைகளுக்கு நடுவே, தகரம் செய்து பிழைத்த ஒரு ஊர்.

அந்த ஊரின் பெயரை அவர் சொல்லும்போது தொண்டையில் மீன்முள் சிக்கினது போல ஒரு சத்தம் வரும். நானும் சொல்லிப் பார்த்தேன். என் கணவரின் சேர்ட்டில் எச்சில் பட்டதுதான் மிச்சம். ஆகவே பெயரை விட்டுவிடுகிறேன். அவருடைய பெயரையும் விட்டுவிடுகிறேன். நாங்கள் அவரை முகத்துக்கு முன்னால் அண்ணை என்றும், முதுகுக்குப் பின்னால் தகர அண்ணை என்றும் கூப்பிட்டோம். இரண்டும் அவருக்குத் தெரியும்.

சின்ன உருவம். கோடையிலும் கறுப்புக் கோட்டுத்தான் போடுவார். அக்காவின் மகள் வீட்டில் இருந்தார். மருமகளும் அவளின் புருஷனும் மாறி மாறி வேலைக்கு ஓடுகிறவர்கள். அதனால் மனிதர் காலையில் தன் வீட்டில் கோப்பி குடித்துவிட்டு, மிச்ச நேரத்துக்கு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். என் கணவர் பாண் தொழிற்சாலையில் பின்னேர வேலை. பகலில் வீட்டில் இருக்கிற ஒரு அப்பாவி. அவருக்கு அந்த ஊரின் வரலாறு முழுவதும் தலையில் ஏறியதற்கு இதுதான் காரணம்.

அவரோடு தமிழ்க்கடைக்குப் போவதற்கு எனக்கு வெட்கம். மீன் அடைத்த தகர ரின்கள் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று, ஒவ்வொன்றாக எடுத்து, நகத்தால் தட்டி, காதுக்குக் கிட்ட வைத்துக் கேட்பார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார்.

"தம்பி, உது தகரமே? எங்கட ஊரில உப்பிடி ஒரு தகடு வந்தால் அதை உருக்கின உலைக்கே திருப்பி அனுப்பிப்போடுவினம்."

கடைக்காரப் பெடியன் ஆரம்பத்தில் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்றான். பிறகு அவர் வருவதைக் கண்டாலே மரக்கறிப் பக்கம் போய்விடுவான்.

அந்தக் காலத்தில் இரண்டு தமிழர் பஸ்சில் சந்தித்தால் முதல் கேள்வி பெயர் இல்லை. "நீங்கள் எவடம்?" என்பதுதான். இவரையும் கேட்பார்கள். இவரும் மீன்முள் சத்தத்தோடு பதில் சொல்லுவார். கேட்டவர் சிரித்துவிட்டு, "இல்லை அண்ணை, சொந்த ஊர் எவடம்?" என்பார். "அதுதான் சொந்த ஊர்" என்று இவர் சொல்லுவார். கேட்டவர் அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவார்.

பிறந்தது யாழ்ப்பாணத்தில்தான். ஆனால் தகப்பன் ரயில்வேயில் வேலை. ஒரு ஊரில் சட்டி பானை இறக்கி வைக்க முன்னரே அடுத்த ஊருக்கு மாற்றம் வந்துவிடும். கனடாவுக்கு வந்த புதிதில் இவர் தான் பிறந்த ஊரின் சங்கக் கூட்டத்துக்கு ஆசையோடு போயிருக்கிறார். எந்த ஒழுங்கை, யார் வீட்டுக்குப் பக்கம், உங்கள் குடும்பத்துக்கு என்ன பட்டப்பெயர் என்று கேட்டிருக்கிறார்கள். "நான் அங்க பிறந்தனான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் மரியாதையாக இரண்டு வடையும் ஒரு தேத்தண்ணியும் கொடுத்து, கதவு வரைக்கும் வந்து வழியனுப்பி வைத்தார்களாம். "நல்ல மனிசர்" என்று அவர் சொன்னார். சொன்ன விதம் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

இங்கிலாந்துக்குப் படிக்கப் போய், படிப்புச் சரிவராமல், வேல்ஸில் அந்தத் தகர ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாராம். இரும்புத் தகட்டின் மேல் வெள்ளீயம் சரியாகப் படிந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஆலை மூடும்வரை, கிட்டத்தட்ட இருபது வருஷம், அங்கேயே இருந்துவிட்டார்.

ஊரின் கதையை அவர் ஒருநாளும் ஒழுங்காகத் தொடங்கமாட்டார். ஆடு என்று தொடங்குவார். மலையிலிருந்து ஆடுகள் தெருவுக்கு இறங்கி வந்து குப்பைத் தொட்டிகளைத் தள்ளி விழுத்துமாம். ஆற்றுத் தண்ணீர் திங்கட்கிழமை ஒரு நிறம், வெள்ளிக்கிழமை இன்னொரு நிறமாம். தகடு கழுவின அமிலம் அதற்குள்தான் போகும். ஊரில் பாதிப்பேருக்கு ஒரே குடும்பப் பெயர் என்பதால் தொழிலைச் சேர்த்துத்தான் ஆளைக் கூப்பிடுவார்களாம்: பால் ஜோன்ஸ், ரொட்டி ஜோன்ஸ், பிரேதப்பெட்டி ஜோன்ஸ். ஆலைச் சங்கு ஊதினால் ஊர் எழும்பும், ஊதினால் சாப்பிடும். ஆலை மூடிய பிறகு சங்கும் நின்றுபோக, ஊர் முழுக்க எல்லாவற்றுக்கும் பிந்தியதாம். ஒரு கலியாணத்துக்கு மாப்பிள்ளை, பெண், பாதிரியார் மூவருமே பிந்தி வந்து, ஒருவரை ஒருவர் மன்னித்தார்களாம்.

எல்லாவற்றையும் விட அவர் அனுபவித்துச் சொல்லுவது மேற்தெரு, கீழ்த்தெருச் சண்டையைத்தான். மலைப்பக்கம் மேற்தெரு, மேற்பார்வையாளர்கள், உருளை இயந்திரம் ஓட்டுபவர்கள். ஆற்றுப்பக்கம் கீழ்த்தெரு, உலைக்காரர்களும், ஒட்டிக்கொண்ட தகடுகளைக் கையால் பிரிக்கிற பெண்களும். நடுவில் ஒரு பாலம். இரண்டு தெருவுக்கும் தனித்தனித் தேவாலயம். ஒரு வருஷம் இரண்டும் சேர்ந்து பாட்டுப் போட்டிக்குப் போய்த் தோற்றுவிட்டன. ஆற்று ஈரத்தில் தொண்டை கட்டிய கீழ்த்தெருக்காரர்களால்தான் தோல்வி என்று மேற்தெரு சொன்னது. மேற்தெரு குடித்துவிட்டுப் பாடியது என்று கீழ்த்தெரு சொன்னது. அதன் பிறகு ஒரே பேக்கரியில் பாண் வாங்கமாட்டார்கள். ஆடு ஆற்றில் விழுந்தால்கூட அது எந்தத் தெரு ஆடு என்று விசாரித்துவிட்டுத்தான் தூக்குவார்களாம்.

"நீங்கள் எந்தப் பக்கம் அண்ணை?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"நானோ? ரெண்டு பக்கமும் என்னைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடுவினம்" என்று சொல்லிவிட்டு ஆட்டுக் கதைக்குத் திரும்பிவிட்டார்.

ஆவணி மாதத்தில் பூங்காவில் ஊர்ச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒன்றுகூடல் வைப்பார்கள். ஒவ்வொரு ஊரும் தன் பெயர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வரும். பிறகு கொத்துரொட்டி, சாக்கோட்டம், கடைசியில் கயிறிழுத்தல். அவர் வருஷா வருஷம் போய் வேலி ஓரத்தில் நின்று பார்ப்பார். ஒரு வருஷம் பார்த்துவிட்டு வந்து எங்கள் படியில் இருந்தார்.

"தங்கச்சி, எனக்கு வேற ஒரு ஆசையும் இல்லை. எங்கட ஊர்ப் பலகையைப் பிடிச்சுக்கொண்டு நானும் ஒருக்கா அந்த மைதானத்தில ஊர்க்காரனா நிக்கவேணும்."

நான் சிரிக்க வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் சித்திரையிலேயே ஒழுங்குக் குழுத் தலைவரிடம் போய் விண்ணப்பித்தார். தலைவர் ஒலிபெருக்கியை வீட்டிலும் கையில் வைத்திருப்பவர் போலப் பேசுகிறவர்.

"அண்ணை, கோவியாதேங்கோ. ஒரு ஆள் மட்டும் இருக்கிற ஊருக்கு என்னெண்டு சங்கம்? உப்பிடி ஒரு ஊர் இருக்கோ எண்டே ஒருத்தருக்கும் தெரியாது. கயிறு இழுக்கவாவது ஆக்கள் வேணுமெல்லோ?"

மனிதர் சோர்ந்து போவார் என்று நினைத்தேன். நான் நினைத்தது என்ன, நடந்தது என்ன! அன்றைக்குப் பின்னேரமே எங்கள் குசினிக்குள் வந்து கேட்டார்:

"தங்கச்சி, ஊரில நீங்கள் எதால தண்ணி அள்ளினனீங்கள்?"

"மண்ணெண்ணெய்த் தகரத்தாலதான். ஏன் அண்ணை?"

"அந்தத் தகடு எங்கட ஊரில இருந்து கப்பல்ல போனது. என்ர ஊர்த் தகரத்தில அள்ளின தண்ணியிலதானே நீங்கள் குளிச்சு வளர்ந்தனீங்கள். அப்ப நீங்களும் எங்கட ஊர்தான்."

எல்லாத் தகரமும் அவருடைய ஊரில் இருந்துதான் போனதா என்பது எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்டு ஆகப்போவதும் இல்லை. ஆனால் இந்த நியாயம் எங்கள் தெருவில் காட்டுத்தீயாகப் பற்றிக்கொண்டது. முக்கியமாக, கீழ்க்கோடி வீட்டில் இருந்த மாஸ்ரரைப் பற்றிக்கொண்டது. மாஸ்ரர் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். இங்கே தன் ஊர்ச் சங்கத்தில் மைக்கைத் திருப்பிக் கொடுக்க மறுத்ததால் நீக்கப்பட்டவர். சங்கம் இல்லாமல் அவரால் சரியாக மூச்சு விட முடியவில்லை. ஒரே கிழமையில் புதுச் சங்கத்துக்கு யாப்பு, அதாவது சட்டவிதிகள், எழுதிவிட்டார். "மேற்படி ஊரின் தகரத்தில் குளித்தவர், குடித்தவர், அவர்தம் வாரிசுகள் யாவரும் இயல்பு அங்கத்தவர்" என்பது அதன் முதல் விதி. எங்கள் தொடர்வீடுகளில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்துவிட்டார்கள். பாதிப்பேர் சொந்த ஊர்ச் சங்கத்தோடு கோபம். மீதிப்பேரின் ஊர்களுக்குச் சங்கம் வைக்க ஆள் காணாது.

பிறகு பயிற்சி தொடங்கியது. கயிறு இழுக்க அரை மணித்தியாலம், ஊர் படிக்க ஒரு மணித்தியாலம். யாராவது சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டால் நாங்கள் முழிக்கக்கூடாதாம். தான் ஒருகாலத்தில் முழித்த முழி அவருக்கு மறக்கவில்லை. எங்கள் தெரு சரிவாக இறங்குகிற தெரு. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. அவருக்கு அது வசதியாகப் போய்விட்டது. ஊரை அப்படியே எங்கள் தெருவுக்கு மேல் விரித்தார்.

"மேல இருக்கிற வீடுகள் எல்லாம் மேற்தெரு. அந்தக் குப்பைக் கூடு, பேக்கரி. உந்தத் தீயணைப்புத் தண்ணிக் குழாய்தான் பாலம். அதுக்குக் கீழ எல்லாம் கீழ்த்தெரு."

அந்தத் தண்ணீர்க் குழாய் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் நின்றது. அதனால் நாங்கள் மேற்தெருவின் கடைசி வீடு, அவர் கீழ்த்தெருவின் முதல் வீடு. ஆலைக்காரர் வழக்கப்படி எல்லோருக்கும் தொழிற்பெயர் வைத்தார். என் கணவர் 'ரொட்டி'. மட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த நான் 'பெட்டி'. பிரேதப்பெட்டி ஜோன்ஸின் ஞாபகம் வந்து எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை.

ஒன்றுகூடலுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அவர் மிசிசாகாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வார இறுதிக்குப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கூட்டம். கயிற்றின் கடைசியில் நின்று இடுப்பில் சுற்றி இழுக்கிறவர் யார் என்பதுதான் கேள்வி. நிறையைப் பார்த்தால் என் கணவர். பதவியைப் பார்த்தால் செயலாளர் மாஸ்ரர்.

என் கணவர் வாய் திறந்து பேசாதவர். அன்றைக்கு எந்தச் சனியன் பிடித்ததோ, பகிடியாகச் சொன்னார்:

"மழை பெய்தா கட்டில் மிதக்கிற கீழ்த்தெருக்காரருக்குக் கயிறு பிடிக்கத் தெரியுமோ, மாஸ்ரர்?"

எல்லோரும் சிரித்தார்கள். மேல்வீட்டுக்காரர்கள்தான் சிரித்தார்கள் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். மாஸ்ரர் எழும்பினார்.

"எங்கட பொம்பிளையள் வெறுங்கையால தகடு பிரிக்காட்டி உங்கட மேற்தெரு பட்டினி கிடந்து செத்திருக்கும்! குடிச்சிட்டுப் பாடிப் போட்டியில தோற்ற கூட்டம், எங்களுக்குக் கதைக்க வந்திட்டினம்!"

"ஆர் குடிச்சது? ஆற்றுச் சளியோட வந்து சுருதியைக் கெடுத்தது ஆர்?" என்று என் கணவர் கத்தினார். எங்கள் கலியாண வீட்டில்கூட அவர் அப்படிக் கத்தியதை நான் கேட்டதில்லை.

வேல்ஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத மனிதர்கள், தாங்கள் பாடாத பாட்டுக்காக அடிபடப் போனார்கள். மாஸ்ரர் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார். கீழ்வீட்டுக்காரர் எல்லோரும் பின்னால் போனார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னரே 'கீழ்த்தெரு ஒன்றியம்' உருவாகிவிட்டது. எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை.

அந்த மனிதர் வாழ்க்கையில் கேட்டது ஒன்றே ஒன்று. அதைப் பலகையில் அடித்த பெயின்ற் காய முன்னரே உடைத்துவிட்டோமே! திங்கட்கிழமை அவர் திரும்பி வந்ததும் நான்தான் போனேன். அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கதவை அடிச்சுச் சாத்தினவரோ?"

"ஓம் அண்ணை."

"பலமாயோ?"

"சுவர் மணிக்கூடு விழுந்திட்டுது அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நாங்கள் உங்கட ஊரை நாசமாக்கிப்போட்டம்."

அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, அந்த ஊரில நான் இருபது வருசம் இருந்தனான். நான் மேற்தெருவில பாண் வாங்கினால் கீழ்த்தெருவில கோவிக்க மாட்டினம். ரெண்டு தேவாலயத்திலயும் எனக்கு முன் வரிசையில இடம். ஆரும் ஒரு ஏச்சு ஏசினதில்லை. அவ்வளவு நல்ல சனம். ரொட்டி ஜோன்சும் பால் ஜோன்சும் தெருவில நிண்டு கிழி கிழியெண்டு கிழிப்பினம். நான் வாறதைக் கண்டால் ரெண்டு பேரும் நிப்பாட்டிப்போட்டுத் தொப்பியைத் தூக்குவினம். இருபது வருசம் என்னோட ஒருத்தரும் சண்டை பிடிக்கேல்லை, தங்கச்சி. விருந்தாளியோட ஆர் சண்டை பிடிப்பினம்?"

பாவமாக இருந்தது. நான் தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

அவர் திடீரென்று எழும்பி யன்னலால் தண்ணீர்க் குழாயைப் பார்த்தார். ஏதோ கணக்குப் போட்டவர் போலத் திரும்பினார்.

"அப்ப நான் கீழ்த்தெரு."

"ஓம் அண்ணை, அப்பிடித்தான் வருது."

"நீங்கள் மேற்தெரு."

"ஓம்."

"அப்ப என்ர வீட்டில இருந்துகொண்டு என்ர தேத்தண்ணியைக் குடிக்க உங்களுக்கு வெக்கமா இல்லையோ? எழும்புங்கோ!"

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். மனிதர் என் கையிலிருந்த கோப்பையைப் பறித்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் வெளியே வந்ததும் கதவை அடித்துச் சாத்தினார். முதல் முறை சத்தம் போதவில்லைப் போலும், திறந்து இன்னொருமுறை சாத்தினார்.

இரண்டு சங்கங்களும் தனித்தனியாக விண்ணப்பித்தன. இப்படி ஒரு ஊர் இருக்கிறதா என்றே ஒருவருக்கும் தெரியாது என்று சித்திரையில் சொன்ன அதே தலைவர், இரண்டு விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உடனே சம்மதித்தார். "ரெண்டு சங்கம் இருக்குதெண்டால் அது ஊர்தான்" என்றாராம். அதற்கு மேல் ஒரு அத்தாட்சியும் கேட்கவில்லை.

ஒன்றுகூடலில் அவர் கறுப்புக் கோட்டோடு கீழ்த்தெருப் பலகையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். எங்களைக் கடக்கும்போது முகத்தை மற்றப்பக்கம் திருப்பினார். ஒரே பெயருள்ள இரண்டு அணிகளும் முதலில் தங்களுக்குள் மோதட்டும் என்று தலைவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். மாஸ்ரர் கயிற்றை இடுப்பில் சுற்றினார். அவருக்கு முன்னால் எங்கள் தகர அண்ணை. எதிர்ப்பக்கத்தில் என் கணவர். விசில் ஊத முன்னரே அண்ணை ஏசத் தொடங்கிவிட்டார்.

"டேய் ரொட்டி! குடிகாரப் பயலே! உன்ர பாண் ஆட்டுக்கும் ஆகாதடா!"

என் கணவரை அவர் அதுவரை 'தம்பி' என்றுதான் கூப்பிட்டவர். கணவரும் விடவில்லை. எங்கள் நிறைக்கு அவர்கள் நின்று பிடிக்க முடியவில்லை. கீழ்த்தெரு முழுவதும் புல்லில் விழுந்து இழுபட்டு வந்தது. அவர் மட்டும் கயிற்றை விடவே இல்லை. கோட்டுப் பொத்தான்கள் எல்லாம் மைதானத்தில் சிதறின. தூக்கிவிடக் கையை நீட்டிய என் கணவரின் கையைத் தட்டிவிட்டு, எழும்பி, "கள்ள இழுவை!" என்று கத்திக்கொண்டு போனார். அவ்வளவு சந்தோஷமான ஒரு தோல்வியை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அடுத்த சுற்றில் எங்களை ஒரு தீவுக்காரச் சங்கம் ஒரே இழுவையில் முடித்துவிட்டது. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

அதன் பிறகு அவர் எங்களோடு பேசவில்லை. வாசலில் கண்டால் வானத்தைப் பார்ப்பார். தமிழ்க்கடையில் நான் வாங்கிய அதே பாணை எடுத்தவர், என்னைக் கண்டதும் திரும்ப வைத்துவிட்டுப் போனார். என் கணவர் பகலில் தனியாக இருந்து மெலிந்துபோனார். "அவர் உண்மையாவே கோவமோ?" என்று என்னைக் கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தார்.

மார்கழியில் முதல் ஸ்னோ கொட்டியது. என் கணவர் எங்கள் வழியைத் துப்புரவாக்கிவிட்டு, வழக்கம்போல அவருடைய வழியையும் சவளால் வழித்து, எல்லாவற்றையும் எங்கள் பக்கம் குவித்தார். அவருக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு, ஒவ்வொரு வருஷமும் இவர்தான் செய்வார். பக்கத்துக் கதவு திறந்தது. மனிதர் கோட்டோடு வெளியே வந்து, என் கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"உங்கட மனுசனிட்டைச் சொல்லுங்கோ. கீழ்த்தெருவில விழுந்த ஸ்னோ கீழ்த்தெருவுக்குச் சொந்தம்."

சொல்லிவிட்டுத் தன் சவளை எடுத்து வந்தார். எங்கள் குவியலில் இருந்து ஒரு சவள் அள்ளிக்கொண்டு போய்த் தன் வழியில் பரப்பினார். திரும்பி வந்து இன்னொன்று அள்ளினார். என் கணவர் கொஞ்சநேரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு அவருக்கும் விளங்கிவிட்டது.

"அவரிட்டைச் சொல்லு," என்றார் என்னிடம், "அந்தச் சவளுக்குள்ள எங்கட ஸ்னோவும் கலந்து கிடக்கு." போய் அதை அள்ளிக்கொண்டு வந்தார்.

இரண்டு பேரும் தண்ணீர்க் குழாயைக் கடந்து போவதும் வருவதுமாக ஒரே ஸ்னோவை மாறி மாறிக் காவினார்கள். ஒருவர் குடிகாரன் என்றார். மற்றவர் சளிக்காரன் என்றார். சத்தம் கேட்டு மருமகள் வேலைச் சீருடையோடு வாசலுக்கு ஓடிவந்தாள்.

"மாமா! உங்களுக்கென்ன விசரே? நாரி பிடிக்கப்போகுது, உள்ள வாங்கோ!"

அவர் நிமிர்ந்தார். முகம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, பத்து வயது குறைந்தவர் போல நின்றார்.

"நீ உள்ள போ பிள்ளை," என்றார். "இது எங்கட ஊர்ப் பிரச்சினை."